மாதாவைக் கையில் ஏந்திப் பேசிய அரசியல்

எனக்கு ஒரு கோளாறு உண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். துக்க வீட்டில் வந்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் முழங்காலிட்டிருக்கும்போது வந்திருக்கிறது. என் கல்யாணத்தில் “சம்மதமா?” என்று சாமியார் கேட்டபோது, அவர் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு நான் குலுங்கிய குலுக்கலில் தலை முக்காடு நழுவித் தரையில் விழுந்தது. “சம்மதம்னு சொல்லச் சொன்னா சிரிச்சவதானே நீ” என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவியாகப் போட்டார்கள். அன்பியம் என்றால் பெரிய சங்கம் ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து, சுண்டல் சாப்பிட்டு, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கலைவது. தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றி இப்படித் தெருவுக்குத் தெரு உண்டு. அக்டோபர் வந்துவிட்டால் செபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி, மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகும்.

அதில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. மாதா தங்கிய வீட்டின் தலைவர் தன் கையாலேயே சுரூபத்தைத் தூக்கிப் போய், அடுத்த வீட்டு வாசலில் அந்த வீட்டுத் தலைவர் கையில் கொடுக்கவேண்டும். ஆளை அனுப்பக் கூடாது, பெண்டாட்டியைத் தள்ளிவிடக் கூடாது. எங்களுக்கு அடுத்த வீடு என் அண்ணன் வீடு. என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் போன தேர்தலிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

சண்டை சீலா மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து நடந்தது. அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு படகு. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. இரண்டு பேரும் இரண்டு கட்சி. எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்திலேயே என்னை மூடிவைத்துவிடுவீர்கள். யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று கோயிலில் சாமியார் சொல்லலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்து, “கடலுக்குப் போறவனுக்கு அரசியல் என்ன தெரியும்” என்று இவர் சொல்ல, “ஏசி ரூம்ல உக்காந்து கப்பலுக்குக் காகிதம் எழுதுறவருக்கு மனுசனைப் பத்தி என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவாமலே எழுந்து போனான். குழம்பு மூன்று நாள் இருந்தது, யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு பூசையில் அண்ணன் பெஞ்சு மாற்றிக்கொண்டான். அதுவரை ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். பூசை நடுவில், பக்கத்தில் இருப்பவருக்குக் கை கூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று வரும் அல்லவா? இவருக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்துவிடுமோ என்று அவன் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அப்படியும் தப்பித் தவறிக் கண் சந்தித்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் பூசைப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து காப்பி போடும்போது வயிறு எரியும். எனக்கு ஒரே அண்ணன்.

இந்த வருஷம் அந்த எரிச்சல் தலைக்கு ஏறியது. என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது என்று. முதல் ஓலைக்கு முன்னால், பெண்ணைப் பெற்றவர் தாய்மாமன் வீட்டுக்குப் போய்த் தன் வாயால் சொல்லி அழைக்கவேண்டும். வரும் ஞாயிறு முதல் ஓலை. “என் வீட்டுப் படியேறி அந்தாளு கூப்பிடட்டும், வாரேன்” என்கிறான் அண்ணன். “அவன் வந்து சீலா மீன் குழம்பை முடிச்சிட்டுப் போவட்டும், கூப்பிடுதேன்” என்கிறார் இவர். தாய்மாமன் மாலை போடாமல் என் மகள் கோயில் படி ஏறுவதை நினைத்தாலே எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, மாதா மேலும்கூட.

இது போதாதென்று எங்கள் பங்குச் சாமியார். தாமிரபரணிக் கரை வயக்காட்டு ஊர்க்காரர், வயசு குறைவு, உற்சாகம் அதிகம். அடுத்த தேர்தல் நெருங்குகிறது, சனங்கள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குக் கவலை. அந்த வாரப் பிரசங்கத்தில் எல்லா அன்பியங்களுக்கும் ஒரு வேலை வைத்தார். விசுவாசிக்கு அரசியலில் என்ன வேலை, நம் பண்பாட்டில் எது விசுவாசத்துக்கு ஒத்துவரும் என்று மாதா வரும் வீட்டில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசவேண்டும். அதற்கு ஒரு விதியும் போட்டார்: எதிரே இருப்பவர் சொன்னதை, அவரே “ஆமா, அதான் சொன்னேன்” என்கிறவரை திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். எங்கள் அன்பியத்துக்கு அந்தப் பேச்சு எந்த வீட்டில் வந்து விழுந்தது? தலைவி வீட்டில்தான்.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. வாசலில் தண்ணீர் நின்றது. சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் குடை பிடிக்க ஆள் வைத்து மாதாவைக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் கை நீட்டி வாங்கினார். பாட்டுப் பாடிக்கொண்டே எல்லாரும் உள்ளே வந்தார்கள். அண்ணனும் மதினியும் வந்தார்கள். “மாதாவுக்காவ வந்தேன், வேற யாருக்காவும் இல்ல” என்று எங்கள் வீட்டு நிலைக்கதவிடம் அண்ணன் சொன்னான். கதவு ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதாவை வைக்கிற மேசைக்கு வெள்ளைத் துணி விரிக்கவேண்டும். அதற்கென்றே வைத்திருக்கும் துணியைக் காலையில் துவைத்துப் போட்டிருந்தேன், மழையில் அது சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. வெறும் மேசையில் மாதாவை வைக்கிற வழக்கம் இந்தக் கடற்கரையில் எந்த வீட்டிலும் கிடையாது. “அதுவரைக்கும் நாற்காலியில வைப்போமா?” என்று கேட்டுவிட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“துணி காயிறவரைக்கும் நான் வச்சிக்கிடுதேன்” என்றார் என் வீட்டுக்காரர். நல்ல கனமான சுரூபம். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். துணியை இரண்டு பெண்கள் நான்கு முனையும் பிடித்து மின்விசிறிக்கு நேராக விரித்தார்கள். சரி, துணி காய்வதற்குள் சாமியார் சொன்ன பேச்சை முடித்துவிடுவோம், அப்புறம் செபமாலை சொல்லலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

வம்பு வேண்டாம் என்று பண்பாட்டில் தொடங்கினேன். மாதா வருகிற வாசலில் கோலம் போடலாமா? மதினி போடலாம் என்றாள், அரிசி மாவு எறும்புக்கு ஆகாரம், தர்மம்தானே என்றாள். எதிர் வீட்டுக்காரர், மழையில் எப்படியும் அழியத்தான் போகிறது, எதற்குச் சண்டை என்றார். எல்லாரும் சிரித்தோம். நல்லபடியாகப் போகிறதே என்று சுண்டல் பக்கம் நான் ஒரு எட்டு வைத்தேன்.

“கோலம் கெடக்கட்டும்ளா” என்றான் அண்ணன். கை இரண்டும் மேலே போய்விட்டன. எங்கள் ஊரில் கையைக் கட்டிப்போட்டால் யாருக்கும் பேச வராது, என் அண்ணனுக்குக் கை இரண்டு போதாது. “தேர்தல்னா எல்லாக் கட்சிக்காரனும் கடற்கரைக்கு வாரான். படகு மேல ஏறி நின்னு போட்டோ எடுக்கான். அப்புறம் ஆளக் காணோம். துறைமுகம் பெருசாவப் பெருசாவ வலை போடுத இடம் தள்ளித் தள்ளிப் போவுது. கேக்க நாதி இல்ல. நமக்குன்னு இருக்கது கோயில் ஒண்ணுதான். அங்கன நிக்கவரு, இன்னாரு நல்லது செய்வாருன்னு சொன்னா என்ன குத்தம்?” அவன் வீசிய கை துணி பிடித்திருந்த ஒருத்தியின் கொண்டையில் பட்டது.

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். சாதாரண நாளாக இருந்தால் அவரும் கையை நீட்டி விரலை ஆட்டியிருப்பார். இப்போது கையில் மாதா. சத்தம் போடவும் முடியவில்லை, மாதாவின் காது அவர் வாய்க்கு நேரே இருந்தது. விதிப்படி முதலில் அண்ணன் சொன்னதைத் திருப்பி மெல்லச் சொன்னார். “சாமியார் சொல்லுதவனுக்குத்தான் ஓட்டுப் போடணும்னு அவரு சொல்லுதாரு.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்று அண்ணன் கத்தினான்.

“அப்ப, கட்சிக்காரங்க எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு சொல்லுதாரு.”

“அதுவும் இல்ல.”

என் வீட்டுக்காரர் யோசித்தார். யோசிக்கும்போது தலையைச் சாய்ப்பார், அவர் சாய்ந்த பக்கமே மாதாவும் சாய்ந்தாள். மாதாவின் கிரீடம் கொஞ்சம் தளர்ந்தது, அது ஒரு புருவத்துக்கு மேல் இறங்கி நின்றது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. உதட்டைக் கடித்தேன், சேலை முந்தானையை வாயில் வைத்தேன். துணி பிடித்தவர்கள் துணியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அது ஒரு பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“கடல்ல ஒரு படகு திரும்பலன்னா” என்றார் அவர், இன்னும் மெல்ல, “முதல்ல மணி அடிக்கது கோயில்லதான். தேடச் சொல்லி அதிகாரிகிட்ட போய் நிக்கதும் சாமியார்தான். உயிருக்குப் பேசுத வாய் ஓட்டுக்கு ஏன் பேசக் கூடாதுன்னு கேக்காரு.”

அண்ணன் கை கீழே இறங்கியது. “ஆமா” என்றான். “நான்கூட இவ்வளவு நல்லாச் சொல்லலியே.”

நான் தலைவி என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “இனி பதில் சொல்லலாம்” என்றேன். இவர் பதில் சொன்னார். பலிபீடத்தில் ஒரு கட்சியின் பெயர் வந்துவிட்டால் மற்றக் கட்சிக்காரன் எங்கே போய் முழங்காலிடுவான், செருப்போடு கட்சியையும் வெளியே விட்டுவிட்டு வரத்தானே கோயில், சாமியார் நியாயத்தைச் சொல்லட்டும், ஆளைச் சொல்ல வேண்டாம், ஆளைத் தேர்ந்தெடுக்கத்தானே ஆண்டவர் ஆளுக்கொரு மனசாட்சி கொடுத்திருக்கிறார் என்றார். அண்ணன் உடனே கையை உயர்த்தினான். நான் குறுக்கே புகுந்தேன். “அண்ணே, இந்த வீட்டுல இன்னைக்கு மாதாவ வச்சிக்கிட்டுத்தான் பேசணும். வாங்கிக்கோ.”

இதை நான் முன்கூட்டியே யோசித்துச் செய்தேன் என்று சாமியார் பிறகு கோயிலில் என்னைப் புகழ்ந்தார். இல்லை. அண்ணன் கை இன்னொரு கொண்டையைக் கலைத்துவிடும் என்ற பயம்தான்.

வாங்கிக்கொண்டான். கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றின் மேல் ஒன்று பட்டுத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் சுரூபம் விழும். அண்ணனுக்கு மாதாவை ஏந்திக்கொண்டு பேச வரவில்லை. தோளை ஆட்டினான், தாடையை நீட்டினான், புருவத்தை ஏற்றி இறக்கினான், வார்த்தை திக்கித் திக்கி வந்தது. “கோயில் பொது... அதனால சாமியாரு வாய மூடிக்கிட்டு...” “நான் மூடச் சொல்லலியே” என்றார் இவர். மறுபடியும் ஆரம்பித்தான். சபை முழுக்க அவனோடு சேர்ந்து வாயசைத்தது, பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற தாய்மார் போல. கடைசியில் சொன்னான்: “ஒரே பெஞ்சுல ரெண்டு கட்சி உக்காரணும்னா, மேல நிக்கவரு ஒரு கட்சியா இருக்கக் கூடாதுங்காரு.” “அதேதான்” என்றார் இவர். நான் கை தட்டிவிட்டேன், செபக்கூட்டத்தில் கை தட்டிய முதல் தலைவி நானாகத்தான் இருப்பேன்.

யாரும் ஜெயிக்கவில்லை. அண்ணன் தன் கட்சியை விடவில்லை, இவர் தன் கட்சியை விடவில்லை. மாதா மட்டும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு சுற்றில் மாதா இவர் கைக்கு வந்ததும் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டான். “அன்னைக்கு என்னைப் பத்தி ஒண்ணு சொன்னாருல்லா, சாப்பாட்டுக்கு முன்னால உக்காந்து? அதையும் இப்பத் திருப்பிச் சொல்லச் சொல்லு, பாப்பம்.”

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மாதாவைக் குனிந்து பார்த்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

“மாதாவக் கையில வச்சிக்கிட்டு அதச் சொல்ல முடியாது” என்றார்.

அண்ணன் தலையாட்டினான். “நான் சொன்னதையும்தான்” என்றான். அவ்வளவுதான் பேச்சு. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் சத்தம். மாடியில் குடியிருக்கும் காயல்பட்டினத்து முஸ்லிம் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வருஷா வருஷம் மாதா வரும்போது வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போவார். துணிக் கதையைக் கேட்டுவிட்டு மேலே போய், வெள்ளைவெளேரென்று தேய்த்து மடித்த தன் துப்பட்டியை, அவர் வெளியே போகும்போது போர்த்திக்கொள்வதை, எடுத்து வந்திருந்தார். “மர்யம் அம்மாவுக்குத்தானே, விரிங்க. எங்க வேதத்துலயும் அவங்களுக்குத் தனி மரியாதை உண்டு” என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னும் பேசி முடியலியா?” என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றேன். துப்பட்டி விரித்தோம், மாதாவை வைத்தோம், கிரீடத்தை நிமிர்த்தினோம், செபமாலை சொன்னோம். லாத்தா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார், உப்பு குறைவு என்றும் சொன்னார். அண்ணன் போகும்போது “வாரேன்” என்றான். இந்தத் தடவையும் நிலைக்கதவிடம்தான் சொன்னான். மகள் கல்யாணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம். மாதா போகவேண்டிய வீடு அண்ணன் வீடு. போன வருஷம் சாமியாரையே வந்து மாதாவைத் தூக்கிப் போகவைத்த அதே முதுகுப் பிடிப்பை என் வீட்டுக்காரர் இந்தத் தடவையும் தயாராக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், ஒரு வாரமாகவே இடுப்பில் கை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் முந்தின நாள் முழுச் சபைக்கு முன்னால் மாதாவைத் தூக்கிக்கொண்டு நின்ற மனுசன் இன்றைக்கு முதுகு என்று எப்படிச் சொல்வார்? சட்டை மாற்றினார். மீசையைச் சீவினார். மாதாவைத் தூக்கினார். நாங்கள் பாடிக்கொண்டே பின்னால் போனோம். மகளும் வந்தாள், என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

அண்ணன் வாசலில் நின்றான். மதினி போட்ட கோலம் மழைத் தண்ணீரில் பாதி மிதந்தது. இவர் படியேறினார். தேர்தலுக்குப் பிறகு அந்தப் படியில் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. பாட்டு நின்றது. மாதாவை அண்ணன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான் வழக்கம். வரவில்லை. வெறுங்கையோடு அங்கேயே நின்றார்.

“மச்சான்” என்றார். “வாற ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஓலை வாசிக்காவ. நீரு வந்து முன்னால நிக்கணும்.”

அண்ணனுக்கு இரண்டு கையும் மாதாவோடு இருந்தன. கதவைச் சாத்தவும் முடியாது, கையை வீசவும் முடியாது. கண் நிறைந்து மீசையில் வழிந்தது, துடைக்க வழி இல்லை. என் வீட்டுக்காரர், யாரையும் தொடவிடாத தன் ஆபீஸ் கைக்குட்டையை எடுத்து, அண்ணன் முகத்தைத் துடைத்தார். மூக்கையும் சேர்த்து. எனக்கு வந்துவிட்டது, அந்தச் சனியன் பிடித்த சிரிப்பு, கண்ணீரோடு சேர்ந்து. தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். மகளும் சிரித்தாள். மதினி என்னை முறைத்துவிட்டு அவளும் சிரித்தாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. விதியை மறக்கவில்லை அவன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான்: “ஞாயித்துக்கிழமை எம் மருமவளுக்கு ஓலை வாசிக்காவ. தாய்மாமன் நான் வந்து முன்னால நிக்கணும். அதானே மாப்ள நீரு சொன்னது?”

“ஆமா” என்றார் இவர். “அதான் சொன்னேன்.”

“அப்ப எம் பதிலக் கேட்டுக்கிடும். தூணுக்குப் பின்னால இருந்தா எனக்கு ஓலை சரியாக் காதுல விழாது. உம்ம பெஞ்சுலதான் உக்காருவேன். கொஞ்சம் தள்ளி உக்காரும்.”